பீச்சியின் சேலை

மீனும் புழுவும் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், மன்னார் வளைகுடாவின் பவளப்பாறை ஒன்றில் ஒரு தட்டைப்புழு குடியிருந்தாள். பெயர் இலையாள். எலும்பு கிடையாது, ஓடு கிடையாது, முள் கிடையாது. வெற்றிலைக் கனத்தில் ஓர் உடம்பு, அதற்கு மணலின் நிறம். வாய்கூட முகத்தில் இல்லாமல் வயிற்றின் நடுவில் இருந்தது. எல்லோருக்கும் அள்ளிக் கொடுத்த கடவுள், இவள் முறை வந்தபோது கையை விரித்துவிட்டார் போலிருக்கிறது. ஒன்றே ஒன்று மட்டும் கொடுத்திருந்தார். உடம்பில் ஒரு துண்டு போனால் அது திரும்ப வளர்ந்துவிடும்.

அந்த வரமே அவளுக்கு வினையாகிவிட்டது. போகிற மீன் வருகிற மீனெல்லாம் ஓரத்தில் ஒரு கடி கடித்துவிட்டு, "வளந்துரும்ல?" என்று சொல்லிக்கொண்டு போகும். அதில் மனச்சாட்சி உறுத்தல் யாருக்கும் இல்லை.

பக்கத்துக் கல்லில் பீச்சி இருந்தாள். பாறையோடு ஒட்டிப் பிறந்த சதைப்பை அவள். இருந்த இடத்திலேயே கடல்நீரை உறிஞ்சி, வடிகட்டித் தின்று, மிச்சத்தை வெளியே விடுவாள். தொட்டால் தண்ணீரைப் பீச்சியடிப்பாள். ஊதா உடலும் ஆரஞ்சுக் கரையுமாக அவள் கட்டியிருந்த சேலைக்கு அந்தப் பாறையில் ஈடு இல்லை. ஆனால் உடம்பு முழுக்க ஆலகாலக் கசப்பு. சின்ன வயதில் ஒருமுறை அவளைக் கடித்த கலவா மீன், அதன்பிறகு ஊதா நிறத்தைக் கண்டாலே வேறு வழியாகப் போகும்.

அலையடித்து வண்டல் கிளம்பும் நாட்களில் பீச்சியின் வாய் அடைத்துக்கொள்ளும். நகர முடியாதவள் என்ன செய்வாள்? இலையாள்தான் ஊர்ந்து வந்து, தன் மெல்லிய ஓரத்தால் வண்டலைத் துடைத்துவிடுவாள். யாரும் சொல்லிச் செய்ததில்லை. பீச்சிக்கு மூச்சு வந்தால் இவளுக்கும் மூச்சு வந்த மாதிரி இருக்கும்.

அந்த வருஷம் இலையாள் ஒரு கல்லுக்கடியில் முட்டையிட்டிருந்தாள். ஜவ்வரிசியைப் பரப்பி ஒட்டியதுபோல இருந்த முட்டைகளின்மேல் படுத்து அடைகாத்தாள். ஒருநாள் காலையில் கலவா வந்து எட்டிப்பார்த்தது.

"ஓரத்தத் தின்னு தின்னு அலுத்துப்போச்சு புள்ள. நாளைக்குத் தலைப்பக்கம்."

"அண்ணே, தல போனா வளராதுண்ணே. முட்ட பொரிய இன்னும் பத்து நாள் இருக்கு."

"அப்ப அதுக்குப் பின்னால முட்டையையும் பாத்துக்கிறேன்," என்று சொல்லிவிட்டுக் கலவா போய்விட்டது.

இலையாள் பீச்சியிடம் போய் அழுதாள். பீச்சி வெகுநேரம் தண்ணீரை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னத் தின்னுரு," என்றாள்.

"என்னக்கா பேச்சு இது?"

"என் அடிவேரு அழுகிருச்சு புள்ள. இன்னும் ரெண்டு மூணு நாள்ல கல்ல விட்டுக் கழண்டு போயிருவேன். ஆயுசு பூரா சேத்துவச்ச கசப்பு, சும்மா தண்ணியில கரையணுமா? ஒனக்குள்ள இருக்கட்டும்."

"கசப்பு என்னையும் கொன்னுபுட்டா?"

"கொல்லலாம். கொல்லாமலும் போகலாம். நாளைக்குக் கலவா கொல்லாம விடுமா?"

இலையாள் தன் முட்டைக் கல்லைத் திரும்பிப் பார்த்தாள். பீச்சி மெதுவாகச் சொன்னாள். "எத்தன நாள் என் வாயத் தொடச்சுவிட்டே. ஒனக்குத் தர எங்கிட்ட வேற என்ன இருக்கு?"

இலையாள் பீச்சியின்மேல் ஏறி, போர்வைபோல அவளை முழுக்க மூடிப் படுத்தாள். வாய் வயிற்றில் இருப்பவளுக்குக் கட்டிப்பிடிப்பதும் தின்பதும் ஒரே மாதிரிதான். அழுதுகொண்டே தின்றாள். கசப்பு உள்ளே இறங்க இறங்க உடம்பு மரத்துப்போனது. இனி அவ்வளவுதான் என்று நினைத்தாள். அப்புறம் அந்தக் கசப்பு சொந்த வீட்டில் உட்கார்ந்ததுபோல உடம்பெங்கும் அமர்ந்துவிட்டது.

கல்லில் சேலை மட்டும் மிஞ்சியிருந்தது. அதைத் தண்ணீரோடு போகவிட இலையாளுக்கு மனம் வரவில்லை. எடுத்து உடுத்திக்கொண்டாள். பீச்சியின் அளவுக்கு நெய்த சேலை அல்லவா, இவளுக்கு ஓரமெல்லாம் சுருக்கம் சுருக்கமாக விழுந்தது.

பக்கத்து நண்டு பதறிப்போய், "கிறுக்கச்சி, மண்ணு நெறத்துல இருக்கும்போதே கடிக்கிறானுக. இப்படி மினுக்கிக்கிட்டு நின்னா? கழட்டு," என்றது.

"ஒளிஞ்சு திரிஞ்சா, எனக்கு உசிரு தந்தது யாருன்னு ஊருக்கு எப்படித் தெரியும்?" என்றாள் இலையாள். முட்டைக் கல்லின் முன்னால், நல்ல வெயில் விழும் இடத்தில் போய் நின்றாள்.

மறுநாள் கலவா வந்தது. ஊதாவைக் கண்டதும் ஒருகணம் தயங்கியது. பிறகு சிரித்தது. "சேலைய மாத்துனா ஆளு மாறிருமா?" என்று தலைப்பக்கம் பாய்ந்தது. இலையாள் சட்டென்று உடம்பைச் சுருட்டிக்கொள்ள, ஓரம்தான் அதன் வாயில் சிக்கியது. கடித்த வேகத்தில் துப்பியது. உதடு மரத்து, வாயை மூடவும் முடியாமல் பின்வாங்கியது.

"ஏ புள்ள... உள்ளயும் பீச்சிதானா?"

"ஆமாண்ணே. உள்ளயும் அவதான்."

பத்தாம் நாள் முட்டைகள் பொரிந்தன. ஒவ்வொரு குஞ்சையும் இலையாள், சேலையின் சாயம் அதன்மேலும் ஒட்டட்டும் என்று, அந்தச் சுருக்கங்களுக்கு ஊடாகத்தான் கடலுக்குள் அனுப்பினாள். அதற்கப்புறம் இட்ட முட்டை ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டுக் கசப்பை வைத்தாள்.

அன்றைக்குத் தொடங்கியதுதான். தட்டைப்புழுக்கள் பட்டப்பகலில், ஓரமெல்லாம் அலையலையாய்ச் சுருங்க, கண்ணைப் பறிக்கும் நிறத்தில் பாறைமேல் நிதானமாகப் போகின்றன. பெரிய மீன்கள் ஒதுங்கி வழிவிடுகின்றன. ஆபத்து நீங்கி எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது. இலையாளின் வம்சம் அந்தச் சேலையை இன்னும் கழற்றவில்லை.