சுழிக்கரையின் சிவப்புக் கோடு

கொள்ளிடக் கரையில் சுழிக்கரை என்று ஓர் ஊர். வருஷம் தவறாமல் வெள்ளம் வரும். வருஷம் தவறாமல் ஊர்க்காரர்கள் ஆச்சரியப்படுவார்கள். பார்த்துப் பார்த்துச் சலித்துப்போன அதிகாரி ஒருவர், படித்துறையில் கல் ஒன்றை நட்டு அதில் சிவப்புக் கோடு போட்டார். "தண்ணீர் கோட்டைத் தொட்டால் எல்லாரும் மேட்டுக்குப் போய்விடணும். கோட்டுக்குக் கீழே இறங்கின பிறகுதான் திரும்பணும்" என்று சொல்லி, காத்தலிங்கத்தைக் கல்லுக்குக் காவல் வைத்தார். அன்றிலிருந்து காத்தலிங்கம் அதன்மேல் ஒரு காக்காயைக்கூட உட்கார விட்டதில்லை.

அந்த ஆடியில் நல்ல வெள்ளம். காத்தலிங்கத்தின் மகள் பூவாயிக்கோ ஆவணி முதல் வெள்ளிக்கிழமை கல்யாணம். "முகூர்த்தம் தள்ளிப்போனால் வேறு பெண் பார்த்துக்கொள்வோம்" என்று அக்கரைச் சம்பந்தி கறாராகச் சொல்லியிருந்தார். கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால், செவ்வாய்க்கிழமை தண்ணீர் கோட்டுக்கு நாலு விரற்கடை கீழே வந்து நின்றது. பாவம், மனுஷன் ஊரைக் கூட்டிவைத்துப் புலம்பினார்.

"மேட்டுக்குப் போயிட்டா எம்மவ கல்யாணம் என்னாவுறது?"

"கோட்டை அழிச்சுப்புடுவோம்" என்றான் பக்கத்து வீட்டு வேம்பையன்.

"சர்க்கார் கோடுடா அது! அழிச்சா கம்பி எண்ணணும்" என்று அதட்டினார் ஊரின் மூளையான சொக்கப்பன். "ஒசத்தி வச்சா யாரு கேக்கப்போறா?"

கல்லைப் பிடுங்கி, தெருமுனையில் செங்கல் அடுக்கி அதன்மேல் நிறுத்தினார்கள். கோடு இடுப்புக்கு வந்தது. தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் ஏறியதை யாரும் சட்டை செய்யவில்லை. பந்தக்கால் நட்டார்கள். அது மிதந்து போனதும் இன்னொன்று நட்டார்கள்.

வியாழக்கிழமை காலை தண்ணீர் கோட்டைத் தொட்டேவிட்டது. சொன்ன சொல் மீறாதவர்கள். மூட்டை முடிச்சோடு மேட்டில் ஏறினார்கள். ஏறிய பிறகு காத்தலிங்கம் தலையில் அடித்துக்கொண்டார். "கல்லு அங்கயே நிக்குது. தண்ணி எறங்குனா நமக்கு எப்புடித் தெரியும்?"

எட்டுப் பேர் திரும்ப இறங்கி, கல்லைச் சுமந்துவந்து மேட்டின் உச்சியில் நட்டார்கள். காத்தலிங்கம் கோட்டைப் பார்த்தார், கீழே ஆற்றைப் பார்த்தார். "எறங்கிடுச்சு! கோட்டுக்கு ரெண்டு பனை கீழ கெடக்கு!"

"கோடு ஈரமா இருக்கேப்பா" என்று சந்தேகப்பட்டான் வேம்பையன்.

சொக்கப்பன் துண்டால் துடைத்தார். "இப்பக் காஞ்சுதா? கெளம்பு."

ஊர் திரும்பியபோது தண்ணீர் கழுத்தளவு இருந்தது. கோடு சொன்னபிறகு கழுத்து சொல்வதை யார் கேட்பார்கள்? பூவாயியை மட்டும் கூரைமேல் உட்காரவைத்து, தலையில் பூ வைத்துவிட்டார்கள். கல்யாணம் நடக்கப்போகிற சந்தோஷத்தில் காத்தலிங்கத்துக்குக் கண் கலங்கியது.

வெள்ளிக்கிழமை முகூர்த்த நேரத்துக்குச் சரியாக மாப்பிள்ளை வீட்டுப் படகு வந்தது. தண்ணீருக்கு மேலே வரிசையாகத் தலைகள் மட்டும் சிரித்தன. சம்பந்தி மிரண்டுபோனார். "ஊரு எங்கய்யா?"

"இதான் ஊரு. நீங்க நிக்கிறது நம்ம வீட்டு வாசல். வாங்க சம்பந்தி!"

சம்பந்தி தயங்கித் தயங்கி ஒரு காலைத் தண்ணீரில் விட்டார். காத்தலிங்கம் பதறிப்போனார்.

"இருங்க, இருங்க! கால் கழுவாம வரலாமா?" என்று தடுத்தவர், கையிலிருந்த சொம்பைக் கவிழ்த்துப் பார்த்தார். அவமானத்தில் முகம் சுண்டிப்போயிற்று.

"டேய் வேம்பையா, சம்பந்தி கால் கழுவ வீட்டுல பொட்டுத் தண்ணி இல்லடா! மேட்டுக் கெணத்துக்குப் போயி ஒரு கொடம் மொண்டுகிட்டு ஓடியா!"