பத்தாவது இடம்

தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயம் செல்லக்கனிக்கு.

பேருந்தில் வரும்போதே பல விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். மலையடிவாரத்தில் இறங்கியபோது ஒன்றுகூட ஞாபகத்தில் இல்லை.

மடத்து முற்றத்தில் சாமி மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். மொட்டையடித்த, ஒல்லியான பெண். செல்லக்கனியைவிடப் பதினைந்து வயதாவது குறைவு. ஆனாலும் ஊரே சாமி என்றுதான் கூப்பிட்டது. செல்லக்கனியும் அப்படித்தான்.

எதிரே எலுமிச்சம்பழத்தோடு ஒரு லாரிக்காரர் உட்கார்ந்திருந்தார். இன்னொரு லாரி வாங்கலாமா என்று உத்தரவு கேட்க வந்தவர்.

"சாமி, எந்தப் பிள்ளைய வெளிய நிறுத்தட்டும்?" என்றாள் செல்லக்கனி.

"எந்தப் பிள்ளை? எதுக்கு வெளிய?"

"பாத்தீங்களா, தப்பாச் சொல்லிட்டேன்."

"இன்னும் ஒண்ணுமே சொல்லலியே அக்கா. உக்காருங்க."

உட்கார்ந்தாள். ஒரு கை மொச்சையை அள்ளித் தானும் உரிக்க ஆரம்பித்தாள். கைக்கு வேலை இருந்தால் வாய் கொஞ்சம் தைரியமாக வரும்.

"தெருப் பிள்ளைங்க சாயங்காலம் சும்மா திரியுதுக, உக்கார வச்சுச் சொல்லிக்குடுங்கன்னு சாமிதான் சொன்னீங்க."

"சொன்னேன்."

"சொல்லிட்டு நீங்க பாட்டுக்கு மொச்சை உரிக்கீங்க. நான்ல மாட்டிக்கிட்டு முழிக்கேன்."

லாரிக்காரர் சிரித்தார். சாமி சிரிக்கவில்லை.

செல்லக்கனி சொல்லத் தொடங்கினாள். மகனுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த பழைய மடிக்கணினி வீட்டில் சும்மா கிடந்தது. இணையத்தில் எல்லாம் இலவசமாகக் கிடைக்கிறது என்று அவன்தான் காட்டிக்கொடுத்தான். பாடத்துக்குப் பாடம் காணொளி. விரலால் தள்ளினால் உருண்டு சுற்றுகிற பூமி. எழுத்தை வாசித்துக் காட்டுகிற குரல். எல்லாவற்றுக்கும் மேலே வினாடிவினா. மடிக்கணினியில் கேள்வி வரும். பிள்ளைகள் அப்பா அம்மா போனைக் கொண்டுவந்து அதில் பதிலை அழுத்துவார்கள். சரியென்றால் பச்சை, தப்பென்றால் சிவப்பு. கீழேயே விளக்கமும் வரும். தெருவே அந்த நேரத்தில் அடங்கிப் போகும்.

"நல்லதுதானே. பிறகென்ன?"

"இலவசம்னா பத்துப் பேருக்குத்தானாம் சாமி. பதினோராவது ஆள் நுழைஞ்சா, இடம் இல்லன்னு கதவச் சாத்திருது. நானும் திட்டிப் பாத்துட்டேன், கெஞ்சியும் பாத்துட்டேன். அதுக்குக் காது இருக்கா, என்ன?"

"வெளிய நிக்கது யாரு?"

"இசக்கின்னு ஒரு பொண்ணு. ஆறாங்கிளாஸ்."

"முறை வச்சு மாத்தி விடுங்க."

"விடாம இருப்பேனா? ஒருத்தன் அழுதான். ஒருத்தி அவ அம்மாவையே கூட்டிட்டு வந்து சண்டைக்கு நின்னா. கடைசியில இவ தலையில விழுந்துட்டு. இவ ஒருத்திதான் அழல."

சாமியின் கை நின்றது. பிறகு மறுபடி உரிக்க ஆரம்பித்தது.

"நேத்து அவ அம்மா வந்துட்டா. 'எடமில்லாத கிளாஸுக்கு என் பிள்ள எதுக்கு வரணும்? நாளையில இருந்து வீட்டுல தம்பியத் தூக்கி வச்சிருக்கட்டும்'னுட்டுப் போறா. இன்னைக்கு ஒரு நாள் விடுன்னு கால்ல விழாத குறை. நான் என்ன செய்ய? வேற யார நிறுத்த?"

"மொத்தம் எத்தன பிள்ளைங்க?"

"பத்து."

"இடம்?"

"பத்து."

"அப்போ யாரையும் எதுக்கு நிறுத்தணும்?"

செல்லக்கனி மொச்சைத் தோலைப் பார்த்தாள்.

"நானும் ஒரு இடத்துல இருக்கேன்ல சாமி" என்றாள் மெதுவாக.

"என்னது? மொச்சை உரிக்கிற சத்தத்துல கேக்கல."

"நானும் என் போன்ல உள்ள இருக்கேன்!"

"நீங்க படிக்கவா வந்தீங்க?"

செல்லக்கனி லாரிக்காரரை ஓரக்கண்ணால் பார்த்தாள். அவர் நாகரிகமாக மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் காது இந்தப் பக்கம்தான் இருந்தது.

"நான் ஏழோட நின்னவ சாமி. தெருவுல பன்னெண்டு முடிச்சேன்னு சொல்லி வச்சிருக்கேன். கேள்வி வந்ததும் நான் முந்தி அழுத்திப் பாத்துக்கிடுவேன். விளக்கம் வரும்லா, அதப் பாத்துக்கிட்டுத் தெரிஞ்ச மாதிரி சொல்லுவேன். போன் இல்லாம அங்க போய் உக்காந்தா என் கதை அவ்வளவுதான். இந்தம்மாவுக்கே ஒண்ணும் தெரியாதுன்னு ஒரு பிள்ளையும் வராது. நாளைக்கு எவளும் என்னை மதிக்க மாட்டா."

சாமி முறத்தைத் தள்ளி வைத்தார்.

"அந்தப் போனக் குடுங்க."

"எதுக்கு?"

"குடுங்கங்கேன்ல!"

செல்லக்கனி வினாடிவினாவைத் திறந்து கொடுத்தாள். சாமி கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, சத்தமாக எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"வௌவால் எந்த இனத்தைச் சேர்ந்தது? பறவை, பாலூட்டி, ஊர்வன, பூச்சி."

பறவையை அழுத்தினார். சிவப்பு.

"என்னது இது? பறக்குதே!"

"பாலூட்டி, சாமி. குட்டி போட்டுப் பால் குடுக்கும்" என்றாள் செல்லக்கனி. அவளுக்கே அது போன வாரம்தான் தெரியும்.

"அது சரி! அடுத்தது. பூமிக்கு மிக அருகில் உள்ள நட்சத்திரம் எது?"

சாமி வெகுநேரம் யோசித்து, துருவ நட்சத்திரத்தை அழுத்தினார். சிவப்பு.

"சூரியன் சாமி" என்றார் லாரிக்காரர். அடக்க முடியவில்லை அவருக்கு.

"சூரியனா? அது நட்சத்திரமா?"

"ஆமா சாமி. என் மவன் சொல்லுவான்."

சாமி வாயைத் திறந்தபடி வானத்தைப் பார்த்தார். கண் கூசித் தும்மினார்.

"இத்தன நாளா என் தலைக்கு மேல நிக்குது. ஒருத்தரும் சொல்லலியேய்யா! வேற என்ன சொல்லுவான் உம்ம மவன்?"

லாரிக்காரர் இரண்டு முழம் முன்னால் நகர்ந்து வந்து உட்கார்ந்தார். மற்ற நட்சத்திரங்கள் ஏன் பொட்டுப் பொட்டாகத் தெரிகின்றன என்று கையை நீட்டி நீட்டிச் சொன்னார். தூரத்தில் வரும் லாரியின் விளக்கு மாதிரி என்றார். சாமி குறுக்கே குறுக்கே கேட்டார். லாரிக்காரருக்குப் பதில் தெரியாத இடம் வந்ததும், "மவன்ட்ட கேட்டுச் சொல்லுதேன்" என்றார்.

அடுத்த கேள்வியும் சிவப்பு. அதற்கடுத்ததும் சிவப்பு.

செல்லக்கனிக்கு எரிச்சலாக வந்தது. நாமே மானம் போகிறதே என்று வந்திருக்கிறோம், இவர் விளையாடிக்கொண்டிருக்கிறார். அதுவும் வெளியாள் முன்னால். ஒரு பச்சைகூட வாங்கத் தெரியவில்லை. கொஞ்சமாவது கூச்சம் வேண்டாமா?

"சாமி, நான் கேட்டதுக்கு வழி சொல்லுங்க. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

சாமி போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு முறத்தை இழுத்துக்கொண்டார்.

மறுபடி மொச்சை உரிக்க ஆரம்பித்தார்.

லாரிக்காரர் எழுந்தார். எலுமிச்சம்பழத்தைச் சாமியின் முன்னால் வைத்தார். சட்டை மண்ணாவதைப் பற்றிக் கவலைப்படாமல், நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"அந்த லாரி விஷயம்... உங்க வாக்குதான் சாமி."

செல்லக்கனி அவருடைய முதுகைப் பார்த்தாள். பிறகு, ஒரு பச்சைகூட வாங்காத சாமியைப் பார்த்தாள். மறுபடி முதுகைப் பார்த்தாள்.

கையிலிருந்த மொச்சை கீழே விழுந்தது.

அன்று சாயங்காலம் பிள்ளைகள் கூடினார்கள். இசக்கி தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நிலைப்படியில் நின்றாள்.

"உள்ள வாளா."

"எடம் இருக்கா மிஸ்?"

"இருக்கு. அவனக் கீழ இறக்கி விட்டுட்டு, உன் போன எடு."

செல்லக்கனி தன் போனை அணைத்து அரிசிப் பானைக்குள் போட்டாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள். இடுப்பில் சாவி இல்லாமல் வெளியூர் வந்தவள் போலிருந்தது.

இசக்கியின் போன் உள்ளே நுழைந்தது. இந்தத் தடவை அது கதவைச் சாத்தவில்லை.

சாதாரண வெப்பநிலையில் திரவமாக இருக்கும் உலோகம் எது என்று கேள்வி வந்தது. இசக்கி பாதரசத்தை அழுத்தினாள். பச்சை. அவள் ஒரு நிமிடம் அந்தப் பச்சையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு நிமிர்ந்தாள்.

"மிஸ், உலோகம்னா இரும்பு மாதிரி கெட்டியாத்தான இருக்கும்? இது மட்டும் ஏன் தண்ணி மாதிரி ஓடுது?"

பத்து முகமும் செல்லக்கனி பக்கம் திரும்பின.

வெளியே தெருக்குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. பிள்ளைகளின் அம்மாக்கள் எல்லோரும் அங்கேதான் குடத்தோடு நின்று சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். இசக்கியின் அம்மா குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது.

செல்லக்கனி எழுந்தாள். தெருக்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். ஜன்னலையும் சாத்தினாள். கொக்கி சரியாக விழுந்திருக்கிறதா என்று ஒரு தடவை இழுத்தும் பார்த்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகுதான் பிள்ளைகள் பக்கம் திரும்பி, "எனக்குத் தெரியாதுளா" என்றாள்.