மழவராயர் ஏறாத சாரம்

முன்னொரு காலத்தில் மருதங்குறிச்சி என்ற நாட்டை உக்கிரசேனன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். கெட்டவன் இல்லை, ஆனால் நினைத்தது நினைத்த மாத்திரத்தில் நடந்தாக வேண்டும். அண்டை நாட்டு ராஜாவின் அரண்மனையைவிட உயரமாகத் தனக்கொரு கோபுரம் வேண்டும், அதுவும் பிறந்த நாளுக்குள் வேண்டும் என்று ஒருநாள் பிடிவாதம் பிடித்தான்.

வேலையை மேற்பார்க்கும் பொறுப்பு அரண்மனை அதிகாரி மழவராயருக்குக் கிடைத்தது. மந்திரி நல்லதம்பியாரைக் கண்டாலே வயிறெரியும் மனிதர் அவர். கோபுரத்தைச் சீக்கிரம் முடித்து மந்திரி பதவியையே பிடித்துவிடலாம் என்று மனக்கோட்டை கட்டினார். மழையில் நனைந்து இற்றுப்போன பழைய கயிற்றை மாற்றாமலே, ஆட்கள் ஏறி நின்று கட்டும் சாரத்தை மேலே மேலே உயர்த்தினார். "கயிறு சரியில்லை" என்றார் ஒரு கொத்தனார். அன்றைக்கே அவரை விரட்டிவிட்டு, "சாரத்தைக் குறை சொல்கிறவர் யாராயிருந்தாலும் இங்கே வேலை கிடையாது" என்று தமுக்கடிக்கச் செய்தார். அதன்பிறகு யார் வாயைத் திறப்பார்கள்?

கலவை சுமக்கும் வெள்ளச்சி திறந்தாள். அவள் புருஷன் சடையன் உச்சி அடுக்கில் நின்று செங்கல் வைப்பவன். முக்காடு போட்டுக்கொண்டு மந்திரி வீட்டுக் கொல்லைப்புறம் வந்து நின்றாள்.

"சாமி, காலையில அவரு மேல ஏறினா, எறங்கி வர்ற வரைக்கும் எனக்கு உசுரு இல்லீங்க. சொன்னா ரெண்டு பேருக்கும் வேலை போயிடும். சொல்லலேன்னா ஆளே போயிடுவாரு. எம்பேரு மட்டும் வெளிய வந்துடக் கூடாதுங்க."

"நீ இங்கே வரவே இல்லை, நான் உன்னைப் பார்க்கவே இல்லை. தைரியமாகப் போ அம்மா," என்றார் மந்திரி.

மறுநாள் அவர் வேலை நடக்கும் இடத்துக்குப் போனார். மழவராயர் சாரத்துக்கு அடியில் குறுக்கே நடக்காமல், கொளுத்தும் வெயிலில் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போவதைப் பார்த்தார். மந்திரிக்கு அது போதுமாயிருந்தது.

அடுத்த நாள் சபையில் மழவராயர் நெஞ்சை நிமிர்த்தினார். "அரசே, இத்தனை பேர் வேலை செய்கிறார்கள். இப்போது ஒருவராவது குறை சொல்கிறாரா?"

ராஜாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "கேட்டீரா மந்திரி! இவருக்கு என்ன பரிசு கொடுக்கலாம்?"

"எடைக்கு எடை பொன் கொடுங்கள் அரசே. நம் வழக்கம்தானே?"

மழவராயரால் தன் காதையே நம்ப முடியவில்லை. மந்திரி தொடர்ந்தார். "ஆனால் சபைக்குள் செய்தால் நாலு பேர்தான் பார்ப்பார்கள். சாரத்தின் உச்சி மரத்தில் தராசைத் தொங்கவிடுவோம். ஒரு தட்டில் மழவராயர், ஒரு தட்டில் பொன். அண்டை நாட்டுக்காரனும் அண்ணாந்து பார்க்கட்டும்!"

"பிரமாதம்!" என்று ராஜா அரியணையிலிருந்து துள்ளி எழுந்தான்.

கோபுரத்தடியில் ஊரே திரண்டது. மழவராயருக்கு வேர்த்துக் கொட்டியது.

"அரசே, எனக்குக் கொஞ்சம் தலைசுற்றல்..."

"கண்ணை மூடிக்கொள்ளும்."

"பொன்னாசை எனக்கு இல்லை அரசே..."

"கொடுக்கும் ஆசை எனக்கு உண்டு. ஏறும்!"

காவலர்கள் கையைப் பிடித்து ஏணிக்கு இழுத்தார்கள். மழவராயர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். "வேண்டாம் அரசே! கயிறெல்லாம் இற்றுப்போனது. ஏறினால் செத்துப்போவேன்!"

ராஜாவின் முகத்தில் சிரிப்பு மறைந்தது. "அப்படியானால் இத்தனை நாள் ஏறினவர்கள்?"

மந்திரி பேசினார். "சாரத்தைக் குறை சொன்னால் வேலை கிடையாது என்பது இவர் போட்ட சட்டம் அரசே. இப்போது இவரே குறை சொல்லிவிட்டார்."

"சட்டம் சட்டம்தான். இவருக்கு வேலை போயிற்று!" என்ற ராஜா மந்திரி பக்கம் திரும்பினான். "உமக்கு யார் சொன்னது? பேரைச் சொல்லும், பரிசு தருகிறேன்."

"மன்னிக்க வேண்டும். பரிசு கொடுத்தாலும் சொல்ல மாட்டேன், தண்டித்தாலும் சொல்ல மாட்டேன். இன்று பேரைச் சொன்னால் நாளைக்கு என்னை நம்பி யாரும் வரமாட்டார்கள்."

ராஜாவின் மூக்கு சிவந்தது. அப்போது வெள்ளச்சி முன்னால் வந்தாள்.

"நாந்தாங்க சொன்னேன்."

"பயமாக இல்லையா உனக்கு?" என்று கேட்டான் ராஜா.

"நேத்து வரைக்கும் இருந்துச்சுங்க. காட்டிக் கொடுக்காத ஆளும் இருக்காருன்னு இப்பத்தான் பாத்தேன். அந்த ஏணியும் ஆடுதுங்க ராசா."

"சுண்ணாம்புக் குழிக்கு வேலி இல்லீங்க!" என்றான் சடையன். அவ்வளவுதான், நாலா பக்கமும் குரல்கள் கிளம்பிவிட்டன. ராஜா ஒரு செங்கல் அடுக்கின்மேல் உட்கார்ந்தான். "ஒவ்வொருவராகச் சொல்லுங்கள்," என்றான். சொல்லி முடிக்கிறவரை எழுந்திருக்கவே இல்லை.

விரட்டப்பட்ட கொத்தனாரே மேற்பார்வைக்கு வந்தார். புதுக் கயிறும் வந்தது. ராஜாவின் பிறந்த நாளன்று கோபுரம் பாதிதான் எழும்பியிருந்தது. அதைக் கட்டுகிறவர்கள் ஒருவர் குறையாமல் வந்து விருந்து சாப்பிட்டார்கள்.