புளியங்கொண்டான் சாரணர் படை வரலாறு

1955 ஜூன் மாதம் முதல் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு, எட்டுப் பையன்களோடு, டிரில் வாத்தியார் வெள்ளத்துரை புளியங்கொண்டானில் சாரணர் படையைத் தொடங்கினார். ஜில்லாவில் அதற்கு முன்பே பதினேழு படைகள் இருந்தன. அவற்றில் ஒன்று பக்கத்து ஊரான ஆலங்கொண்டானில், வாத்தியாரின் மச்சினன் செல்லையாவின் பொறுப்பில் இருந்தது. புளியங்கொண்டானில் படை தொடங்க வேறு காரணம் இருந்ததாகத் தெரியவில்லை.

வாத்தியார் சாரணர் விதிகளை ஒரு வரி விடாமல் படித்தார். சாரணன் தினமும் ஒரு நற்செயல் செய்ய வேண்டும் என்று அதில் இருந்தது. காலையில் எழுந்ததும் கழுத்துத் துணியின் நுனியில் ஒரு முடிச்சுப் போட வேண்டும். நற்செயல் முடிந்ததும் அதை அவிழ்க்க வேண்டும்.

"ஒண்ணுன்னா ஒண்ணுதாம்லே" என்றார் வாத்தியார். "அரையும் ஆகாது, ஒண்ணரையும் ஆகாது."

முதல் நாள் கிணற்றடியில் உடையம்மை தண்ணீர் எடுக்க வந்தாள். அணித் தலைவன் பரமக்குட்டி பானையை நிரப்பிக் கொடுத்தான். பூதத்தான் பானை கனக்குமே என்று பாதியைக் கொட்டினான். அடுத்தவன் பாதிப் பானையைக் கண்டு மனம் பொறுக்காமல் நிரப்பினான். அதற்கடுத்தவன் பானை அழுக்காயிருப்பதைப் பார்த்து, தண்ணீரைக் கவிழ்த்துவிட்டுப் புளி போட்டுத் தேய்த்தான். இப்படியே நடந்து, எட்டாமவன் உடையம்மை வெயிலில் நிற்பதைச் சகிக்காமல் கையைப் பிடித்து வீட்டில் கொண்டுபோய் விட்டான். பானை கிணற்றடியிலேயே இருந்தது. எட்டு முடிச்சுகளும் அவிழ்ந்தன.

பத்து நாளில் ஊரில் கஷ்டத்துக்குத் தட்டுப்பாடு வந்துவிட்டது. காக்கி நிஜாரைக் கண்டாலே சனங்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். வாத்தியார் ஊர்க்கூட்டம் போட்டு முறை வைத்தார். செவ்வாய்க்கிழமை ஆசாரி வீட்டுக் கன்றுக்குட்டி காணாமல் போக வேண்டும். தானாகப் போகாவிட்டால் ஆசாரியே ஓட்டிவிட வேண்டும்.

"வாத்தியாரையா, கன்னுக்குட்டி போக மாட்டேங்கு. நான் எங்கயாவது போய்த் தொலையட்டுமா?" என்று கேட்டார் ஆசாரி.

"உமக்கு வெள்ளிக்கிழமைவே. முறை தப்பப்படாது."

சாரணர்கள் இடது கையால்தான் கைகுலுக்க வேண்டும் என்பதும் விதி. பூதத்தான் ஒரு கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் இடது கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, அதே இடது கையால் வெற்றிலைத் தட்டையும் நீட்டினான். முகூர்த்தம் முக்கால் மணி நேரம் தள்ளிப்போனது. மாப்பிள்ளை வீட்டாரைச் சமாதானப்படுத்தியது அன்றைய நற்செயலாக ஏற்றுக்கொள்ளப்பட்டது.

நவம்பரில் ஜில்லா அலுவலகத்திலிருந்து தகவல் வந்தது. சாரணர் கமிஷனர் ஞானசிகாமணி நேரில் வந்து பார்ப்பார். திருப்தி இல்லையென்றால் புளியங்கொண்டான் படையை ஆலங்கொண்டானோடு சேர்த்துவிடுவார். சேர்ந்தால் எட்டுப் பையன்களும் ஆலங்கொண்டான் கொடிக்குப் பின்னால் நடக்க வேண்டும். வாத்தியார் மச்சினனுக்குக் கீழே நிற்க வேண்டும்.

செல்லையா ஆள் விட்டுச் சொன்னான்: "அத்தானை விசிலைத் தொடச்சு வைக்கச் சொல்லுங்க. நான் வந்து வாங்கிக்கிடுதேன்."

அன்று ராத்திரி வாத்தியார் விசிலைக் கழுத்திலேயே போட்டுக்கொண்டு படுத்தார்.

டிசம்பர் 10, சனிக்கிழமை. மழை விட்டு நான்கு நாள் ஆகியிருந்தது. கமிஷனர் வருவதற்குள் எல்லோரும் நற்செயலை முடித்துவிட வேண்டும் என்று வாத்தியார் உத்தரவு போட்டிருந்தார். குளத்தங்கரையில் எட்டுப் பேரும் வரிசையாக நின்றார்கள். ஒரு துணியிலும் முடிச்சு இல்லை.

"பலே! பொழுது விடிஞ்சதும் எல்லாரும் முடிச்சிட்டாங்களே!" என்றார் கமிஷனர். வாத்தியாருக்கு நெஞ்சு நிறைந்தது. விசிலை இனி யாருக்கும் தர வேண்டாம்.

வரிசை நேராக இருக்கிறதா என்று பார்க்கக் கமிஷனர் இரண்டடி பின்னால் போனார். மூன்றாவது அடிக்குக் கரை இல்லை.

குளத்துச் சேறு அவரை இடுப்புவரை வாங்கிக்கொண்டது. இடது கையால் ஒரு வேரைப் பிடித்துக்கொண்டு வலது கையை நீட்டினார். "கை குடுங்கலே!"

பரமக்குட்டி விறைப்பாக நின்று சல்யூட் அடித்தான். "ஐயா, இடது கையை நீட்டணும்."

கமிஷனர் அவசரத்தில் கையை மாற்றினார். வேர் நழுவியது. சேறு நெஞ்சுவரை ஏறியது. மறுபடி வேரைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்னவை வரலாற்றுக்குத் தேவையில்லை.

வாத்தியார் விசில் அடித்துப் படையைக் கூட்டினார். "யாருக்காவது இன்னிக்கு நற்செயல் பாக்கி இருக்காலே?"

"நான் ஒரு எருமைக்குத் தண்ணி காட்டினேன். அது குடிக்கல. கணக்கில சேருமா?" என்றான் பூதத்தான்.

"குடிக்காதது எருமையோட குத்தம். நீ செஞ்சது செஞ்சதுதான்" என்றான் பரமக்குட்டி.

"அப்போ நாளைக்குச் செய்யவேண்டியதை இன்னிக்கே செஞ்சிரட்டுமா?"

"நாளைக்கு ஒருத்தன் விழுந்தா அவனுக்கு என்னலே பதில் சொல்லுவே?" என்று மடக்கினான் பரமக்குட்டி.

எல்லோரும் வாத்தியாரைப் பார்த்தார்கள்.

"என்னை ஏம்லே பாக்கிய? காலையில அடுப்படிப் பக்கமே போகாம இருந்து வீட்ல அவளுக்கு ஒத்தாசை பண்ணியாச்சு."

"யோவ் வாத்தியாரே!" என்று கீழே இருந்து குரல் வந்தது. "என்னவே மாநாடு நடத்துதீரு!"

"ஒரு நிமிசம் ஐயா, உங்க விசயமாத்தான் பேசிக்கிட்டிருக்கோம்."

வாத்தியாருக்குக் கண் கலங்கியது. கமிஷனர் முங்கிப்போனால் படையும் முங்கும். விதியை மீறினால் படை இருந்தும் பிரயோசனமில்லை. அப்போது பூதத்தான் கரையோரம் குனிந்து பார்த்துக் கத்தினான்: "வாத்தியாரையா! ஐயாவோட முடிச்சு இன்னும் அவிழல!"

உண்மைதான். கமிஷனரின் கழுத்துத் துணி நுனியில், சேற்றுக்கு ஒரு சாண் மேலே, முடிச்சு அப்படியே இருந்தது.

வாத்தியார் உடம்பை நிமிர்த்திக்கொண்டார். "ஐயா, கவலைய விடுங்க. உங்க நற்செயல் இன்னும் பாக்கி இருக்கு. ஆபத்துல ஒரு ஆளும் பக்கத்திலேயே இருக்காரு. வேற எங்கயும் தேடிப் போக வேண்டாம்."

கோபம் மனிதனுக்கு எவ்வளவு பலம் தரும் என்பதை எட்டுப் பேரும் நேரில் கண்டார்கள். வேரை இரண்டு கையாலும் பிடித்து, மூச்சிரைக்க, ஒரு செருப்பைக் குளத்துக்கே கொடுத்துவிட்டுக் கமிஷனர் கரையேறினார். படை மூன்று முறை கைதட்டியது. அவர் வாயைத் திறப்பதற்குள் பரமக்குட்டி அவருடைய முடிச்சை அவிழ்த்து, இடது கையைப் பிடித்துக் குலுக்கினான்.

கமிஷனர் அன்றே தலைமையகத்துக்கு எழுதினார்: புளியங்கொண்டான் படையில் மூளை உள்ளவர் ஒருவரும் இல்லை, உடனே ஆலங்கொண்டானோடு சேர்க்கவும்.

வாத்தியாரும் அன்றே எழுதினார். சேற்றில் முங்க இருந்த ஓர் உயிரை, யாருடைய உதவியும் இல்லாமல் ஒருவர் தனியாக நின்று காப்பாற்றினார். அவருக்கு வீரப் பதக்கம் கொடுக்க வேண்டும். காப்பாற்றியவர் திரு. ஞானசிகாமணி. காப்பாற்றப்பட்டவர் திரு. ஞானசிகாமணி. கண்ணால் கண்ட சாட்சிகள் எட்டுப் பேர்.

தலைமையகத்தில் இரண்டு கடிதங்களும் ஒரே நாளில் பிரிக்கப்பட்டன. அந்த ஜில்லாவில் ஞானசிகாமணிகள் அதிகம் போலிருக்கிறது என்று அங்கிருந்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள். கமிஷனரிடம் ஒரே ஒரு விளக்கம் கேட்டார்கள்: மூளை இல்லாதவர்களின் சாட்சியை வைத்துப் பதக்கம் தர முடியாது, இரண்டில் எதை ஏற்றுக்கொள்வது?

கமிஷனர் மூன்று வாரம் யோசித்தார். பிறகு, புளியங்கொண்டான் பையன்கள் கூர்ந்து கவனிக்கும் திறமை உள்ளவர்கள் என்றும், அந்தப் படை தனியாகவே இருப்பது ஜில்லாவுக்கு நல்லது என்றும் பதில் எழுதினார். செல்லையா விசில் வாங்க வரவில்லை.

1956 பிப்ரவரி 22, புதன்கிழமை, சென்னையில் நடந்த விழாவில் ஞானசிகாமணிக்கு வீரப் பதக்கம் வழங்கப்பட்டது. காப்பாற்றப்பட்டவர் சார்பில் நன்றியுரையையும் அவரே வாசித்தார்.