சிவப்பு நூல் ஓலை

முன்னொரு காலத்தில், கடலோர நாடு ஒன்றில், தும்பையன் என்ற விகடகவி தன் அரசருக்குக் கப்பலில் இடம் பிடிக்கப் போய், சொந்த ஊரிலேயே தனக்கு இடமில்லாமல் போகும் நிலையைத் தேடிக்கொண்டான். இதில் எதிரிகளின் சூழ்ச்சி பெரிதாக எதுவும் இல்லை. பெரும்பாலும் அவனே தன் கையால் இழுத்துப் போட்டுக்கொண்டது.

அந்த நாட்டு அரசருக்குத் திடீரென்று ஓர் ஆசை பிறந்தது. ஏழு தீவுகளைச் சுற்றிக் காட்டிவிட்டுப் பத்தாம் நாள் அதே துறைமுகத்தில் கொண்டுவந்து இறக்கிவிடும் உல்லாசக் கப்பல் ஒன்று வந்திருப்பதாகக் கேள்விப்பட்டார். “நாமும் நம் சபையோருமாக நாற்பது பேர் போகலாம்” என்றார்.

“அந்தப் பொறுப்பைத் தும்பையனிடமே விடுங்கள், மகாராஜா. அவனைவிடக் கெட்டிக்காரன் யார் இருக்கிறார்கள்?” என்றார் பிரதானி அகோரமூர்த்தி. அவர் பாராட்டினால் எங்கோ பள்ளம் வெட்டிவிட்டார் என்று அர்த்தம். தும்பையனுக்கு அது தெரியும். ஆனாலும் பாராட்டு இனித்தது.

கிளம்புமுன் அரசரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டான். “கட்டாயம் போகிறோமா, மகாராஜா?”

“பார்க்கலாம்” என்றார் அரசர்.

அவர் எதற்கும் சொல்லும் பதில் அதுதான். சாப்பிட்டீர்களா என்று கேட்டாலும் அதுதான்.

துறைமுகத்தில் கப்பல்காரர் கடலாடியார் இரண்டு ஓலைகளை எடுத்து வைத்தார். “வெள்ளை நூல் கட்டிய ஓலை, ஆளுக்கு நூறு பொன். கிளம்புவதற்கு முதல் நாள் வரை வரவில்லை என்று சொன்னால் முழுசும் திருப்பித் தருவேன். சிவப்பு நூல், ஆளுக்கு அறுபது பொன். வந்தாலும் வராவிட்டாலும் திருப்பித் தரமாட்டேன். பொன் எனக்கு, இடம் உங்களுக்கு.”

“ஆள் மாறி வந்தால்?”

“நாற்பது தலை எண்ணுவேன். யார் தலை என்று பார்க்கமாட்டேன்.”

தும்பையன் யோசித்தான். கொடுத்ததைத் திரும்ப வாங்குவது அந்த அரச வம்சத்தில் வழக்கமே இல்லை. ஒருமுறை ஒரு புலவருக்குப் போட வேண்டிய சால்வையை, கூட்டத்தில் தவறி மாட்டு வைத்தியருக்குப் போட்டுவிட்டார்கள். அதைக்கூடத் திருப்பிக் கேட்கவில்லை. அப்படிப்பட்டவருக்குத் திரும்ப வாங்கும் உரிமை எதற்கு? அதற்கு ஆளுக்கு நாற்பது பொன் தண்டமா? இரண்டாயிரத்து நானூறு பொன்னைக் கொடுத்துச் சிவப்பு நூல் ஓலைகளை வாங்கிக்கொண்டு, ராஜ்யத்தையே காப்பாற்றியவன்போல வீடு திரும்பினான்.

கப்பல் கிளம்புவதற்கு முதல் நாள் காலை அரசர் சபையில் சொன்னார்: “பயணம் வேண்டாம். நமது கிளிக்கு ஜலதோஷம்.”

அகோரமூர்த்தி இதற்குத்தான் காத்திருந்தார். “ஐயோ, மகாராஜா! தும்பையன் வாங்கியது திருப்பித் தராத ஓலை! கஜானாப் பொன்னைக் கடலில் கொட்டிவிட்டான்!”

சபையே பார்த்துக்கொண்டிருந்தது. அரசருக்கு வேறு வழியில்லை. “நாளை அந்தி சாய்வதற்குள் அந்தப் பொன் இங்கே வர வேண்டும். வராவிட்டால் நீ இந்த நாட்டில் இருக்கக் கூடாது” என்றார். சொல்லும்போது தும்பையன் முகத்தை அவர் பார்க்கவில்லை.

தும்பையன் துறைமுகத்துக்கு ஓடினான். கடலாடியார் ஓலைகளுக்கு வெள்ளை நூல் கட்டிக்கொண்டிருந்தார்.

“சிவப்பு நூலுக்குத் திருப்பித் தர முடியாது, கவிராயரே. சொல்லித்தானே கொடுத்தேன்?”

“சொன்னீர்கள். இதெல்லாம் யாருக்கு ஓலை?”

“மிளகு வியாபாரிகள் நாற்பது பேர். ராஜாதான் வரவில்லையாமே, அந்த இடம் சும்மாதானே கிடக்கிறது?”

“பொன் உங்களுக்கு, இடம்...?” என்று இழுத்தான் தும்பையன். கடலாடியார் நூல் கட்டும் மும்முரத்தில் கவனிக்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் அரண்மனையில் பாத்திரம் தேய்ப்பவர்கள், புல் அறுப்பவர்கள், பல்லக்குத் தூக்குபவர்கள் எனத் தும்பையன் திரட்டிய நாற்பது பேர், சிவப்பு நூல் ஓலைகளோடு கப்பலில் ஏறி அமர்ந்துவிட்டார்கள். சற்று நேரத்தில் மிளகு வியாபாரிகள் மூட்டை முடிச்சோடு வந்தார்கள். கரையில் ஒரே கூச்சல்.

கடலாடியார் வேர்த்து வழிய ஓடிவந்தார். “கவிராயரே, இவர்களை இறக்கிவிடுங்கள்! உங்கள் இரண்டாயிரத்து நானூறு பொன்னையும் இப்போதே எண்ணித் தருகிறேன்!”

“சேச்சே! சிவப்பு நூலுக்குத் திருப்பித் தரும் வழக்கம் ஏது?”

“வழக்கம் கிடக்கட்டும், ஐயா! அவர்கள் என்னைத் தண்ணீரில் தள்ளிவிடுவார்கள்!”

தும்பையன் சரி என்று சொல்ல வாயைத் திறந்தான். அதற்குள் பாத்திரம் தேய்க்கும் சடைச்சி அவன் கண்ணில் பட்டாள். விளிம்பில் உட்கார்ந்து, சாம்பல் ஏறிய கையை நீட்டி அலையைத் தொடப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் புதுச்சேலை ஒன்றை, பத்து நாளைக்கென்று மடித்து வைத்திருந்தாள். அவளை இறக்கினால் அவன் ஊரில் இருக்கலாம். இறக்காவிட்டால் அவன் மூட்டை கட்ட வேண்டும். தயங்கித் தயங்கி அவள் பக்கம் போனான்.

“இறங்கணுமா, சாமி?” என்றாள் சடைச்சி, அவன் கேட்குமுன்பே.

“இப்போ இறங்கு தாயே. அடுத்த பௌர்ணமிக்கு இதே கப்பல், இதே இடம்.”

“கட்டாயமா? இல்ல, நம்ம ராசா சொல்ற மாதிரி ‘பாக்கலாமா’?”

தும்பையன் கடலாடியார் பக்கம் திரும்பினான். “பொன்னும் வேண்டும். அடுத்த பௌர்ணமிக்கு இந்த நாற்பது பேருக்கும் கட்டணமில்லாமல் இடமும் வேண்டும். எழுதிக் கொடுத்தால்தான் இறங்குவோம்.”

மிளகு வியாபாரிகள் கப்பலில் ஏறத் தொடங்கியிருந்தார்கள். கடலாடியார் நின்றபடியே எழுதினார்.

அந்தி சாய்வதற்குள் பொன் மூட்டை சபைக்கு வந்தது. அகோரமூர்த்தி உடனே கட்சி மாறினார். “கொடுத்ததைத் திரும்ப வாங்கிவிட்டானே! வம்சத்துக்கே இழுக்கு, மகாராஜா!”

“நான் எங்கே திரும்ப வாங்கினேன், பிரதானியாரே? மகாராஜா கொடுத்த பொன்னுக்கு நாற்பது இடம் வந்தது. அந்த இடங்களைக் கப்பல்காரருக்கு விற்றேன். என்ன, வாங்கிய விலைக்கே விற்றுவிட்டேன். வியாபாரம் எனக்குச் சரிப்பட்டு வராது.”

கூடவே மிளகு வியாபாரிகளின் கதையையும் சொன்னான். அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கழுத்து மாலையைக் கழற்றி அவனுக்குப் போட்டார். இன்னும் என்ன வேண்டும் என்று கேட்டார்.

“ஒரு பதில் வேண்டும், மகாராஜா. அடுத்த பௌர்ணமிக்கு நம் ஆட்கள் நாற்பது பேர் போகிறார்கள். தாங்களும் வருகிறீர்களா?”

சபை முழுவதும் மனத்துக்குள் ‘பார்க்கலாம்’ என்று சொல்லிக்கொண்டது. அரசர் சிம்மாசனத்தை விட்டு இறங்கி வந்து, அவன் காதருகே குனிந்தார்.

“வரமாட்டேன், தும்பையா. கிளிக்கு ஒன்றுமில்லை. எனக்குத்தான் கடலைப் பார்த்தால் பயம்.”