வழி தவறிய பிரெஞ்சு

பொட்டங்காட்டு ஆண்டியப்பன் குடும்பத்துக்கு ஒரு நல்ல குணம். யார் எதைச் சொன்னாலும் சொன்னபடியே செய்வார்கள்.

மகன் மாசிலாமணிக்குப் பட்டணத்துக் கல்லூரியில் சேர ஆசை. சோறு இறங்காத ஆசை. அங்கேயோ வெளிநாட்டு மொழி ஒன்று தெரிந்தால்தான் இடம் என்றார்கள். தாய்மாமன் சடையன் அவனை ஒரு பிரெஞ்சு வாத்தியாரிடம் கூட்டிப்போனான்.

வாத்தியார் அவசரத்தில் இருந்தார். "முதல்ல வீட்டுக்குள்ள தமிழ் பேசுறதை நிறுத்துங்க. பிரெஞ்சு தானா வரும்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டார்.

அன்றோடு வீட்டுக்குள் தமிழ் நின்றது. உப்பு வேண்டுமென்றாலும் தெருவில் இறங்கித்தான் கேட்டார்கள்.

ஒருநாள் மாடு அடுப்படியில் புகுந்து சோற்றுப் பானையில் வாயை வைத்தது. சடையன் ஆண்டியப்பனைத் தெருவுக்கு இழுத்து வந்தான்.

"மச்சான், மாடு சோத்தைத் தின்னுது."

"விரட்ட வேண்டியதுதானே?"

"'போ'ன்னு சொல்லணுமே. அது தமிழாச்சே."

"பிரெஞ்சுல சொன்னா?"

"நம்ம மாட்டுக்குப் புரியாது."

ஆண்டியப்பன் யோசித்தார். "சரி, அதுவே வெளியே வரட்டும். வந்ததும் விரட்டுவோம்."

தின்று முடித்து மாடு வெளியே வந்தது. எல்லோரும் சேர்ந்து விரட்டினார்கள். அது மறுபடி அடுப்படிக்குள் ஓடியது.

நேர்காணல் நாளும் வந்தது, பிரெஞ்சு வரவில்லை. மாசிலாமணிக்கு அழுகை முட்டியது. "வழியில வந்துக்கிட்டு இருக்கும்டா" என்று அப்பா தேற்றினார். "கல்லூரியும் கூரை போட்ட இடம்தான். அங்கேயும் வாயைத் திறந்துடாதே."

அப்பாவும் மாமனும் ஜன்னலோரம் நிற்க, பேராசிரியர் பிரெஞ்சில் ஏதோ கேட்டார். மாசிலாமணி பேசவில்லை. மறுபடி கேட்டார். அவன் பணிவாக உட்கார்ந்திருந்தான்.

"தம்பி, உனக்கு பிரெஞ்சு தெரியுமா, தெரியாதா?" என்று தமிழில் கேட்டார்.

மாசிலாமணி எழுந்தான். படியிறங்கி, மைதானம் கடந்து, வாசல் கதவுக்கு வெளியே போய் நின்று, "தெரியாதுங்க ஐயா" என்று கத்தினான். பிறகு திரும்பி வந்து மரியாதையாக உட்கார்ந்தான்.

இடம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

கல்லூரி வாசல் தெருவில் மூவரும் கூடிப் பேசினார்கள்.

"அவர் பேசினது என்னடா?"

"பிரெஞ்சுப்பா."

"தண்ணி மாதிரி கொட்டுச்சே. அவங்க வீட்டுல தமிழை நிறுத்தினாங்களா?"

"இல்லையே. இப்பக்கூட என்கிட்ட தமிழ்லதான் பேசினார்."

ஆண்டியப்பனும் சடையனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். விஷயம் விளங்கிவிட்டது.

சாயங்காலம் பேராசிரியர் வெளியே வந்தபோது ஆண்டியப்பன் கையைக் கட்டிக்கொண்டு எதிரே நின்றார்.

"ஐயா, உங்க மேல தப்பில்லை. எங்க பையனுக்கு வரவேண்டிய பிரெஞ்சு, விலாசம் தெரியாம உங்ககிட்ட வந்துடுச்சு. முழுசும் வேண்டாம், பாதி குடுத்தாப் போதும்."

மாசிலாமணிக்கு அது நியாயமாகவே பட்டது. தோள் பையை உதறி, அதன் வாயை அகல விரித்துப் பிடித்துக்கொண்டான்.