ஒற்றைமுடிக்கு ஒரு ஜோடி பூட்ஸ்

ஒற்றைமுடிச் சிகரம் ஏற வேண்டுமென்றால் மெய்யம்மையிடம்தான் போக வேண்டும். வழிகாட்ட வேறு ஆள் கிடையாது.

நாற்பத்தைந்து வயசு இருக்கும். அப்பா வர்ம ஆசான். அவர் போன பிறகு இவரும் ஆசான்தான். பெண்ணை எப்படி ஆசான் என்று கூப்பிடுவது என்று சிலர் கேட்டார்கள். கேட்டவர்கள் யாரும் மலை ஏறவில்லை.

பூபாலன் வந்து சேர்ந்தபோது அவருக்கு அறுபத்திரண்டு. நில அளவை ஆபீசில் முப்பத்து நான்கு வருஷம் வரைபடம் வரைந்தவர். ஒற்றைமுடியை மட்டும் பதினோரு தடவை வரைந்திருக்கிறார். இருபது மீட்டர் உயரத்துக்கு ஒரு கோடு. மேலே போனது கிடையாது.

"ஒரு தடவை அதைப் பார்க்கணும், ஆசானே."

"இங்கிருந்தே தெரியுதே."

"மேலே நின்னு பார்க்கணும்."

மெய்யம்மை அவர் நடந்து வந்த வழியைப் பார்த்தார். செருப்புத் தடத்தில் ஒன்று ஆழம், ஒன்று லேசு.

"இடது கால்ல என்ன?"

"சர்க்கரை. சுண்டுவிரலை எடுத்துட்டாங்க. இனி ஒரு புண் வந்தா முழங்காலுக்குக் கீழே எடுக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாரு."

மெய்யம்மை குனிந்து அந்தச் செருப்பைப் பார்த்தார்.

"நல்ல பூட்ஸ் போட்டா ஏறலாமா?"

"நல்ல பூட்ஸ்னா எது?"

"அதைக் கேட்கத்தானே உங்ககிட்ட வந்தேன்."

"வாங்கிட்டு வாங்க. பார்ப்போம்."

அவ்வளவுதான். அங்கே தீட்சை, மந்திரம் ஒன்றும் கிடையாது. சொன்னதைச் செய்கிறவர் சீடர்.

நாலாம் நாள் பூபாலன் வந்தார். பஸ் நிறுத்தத்திலிருந்து ரெண்டு மைல், புது பூட்ஸோடு நடந்தே வந்தார். முகத்தில் கல்யாண மாப்பிள்ளைக் களை. சுமை தூக்கும் கொம்பையா முற்றத்தில் கயிறு முறுக்கிக்கொண்டிருந்தான். அவனுக்கும் அறுபது ஆகிறது. பிறந்ததிலிருந்து காலில் ஒன்றும் போட்டதில்லை.

"அண்ணாச்சி, காலுக்கு வீடு கட்டிட்டீயளே!" என்றான்.

பூபாலன் அவனைக் கண்டுகொள்ளவில்லை. "கடையில மூணு ஜோடி போட்டுப் பார்த்தேன், ஆசானே. மூணும் சுகமா இருந்துச்சு. இது ரொம்ப ரொம்பச் சுகம். போட்டிருக்கிறதே தெரியல."

"கழற்றுங்க."

கழற்றினார். மெய்யம்மை இடது பூட்ஸுக்குள் கையை விட்டார். விரல் நுனி வரைக்கும் போய் எதையோ பிடித்து இழுத்தார்.

காகிதம். பூட்ஸ் நசுங்காமல் இருக்கக் கடைக்காரர்கள் முனையில் திணித்து வைக்கிற காகிதப் பந்து. வலது பூட்ஸில் இருந்ததை எடுத்துவிட்டு இடதை மறந்திருக்கிறார்கள். ரெண்டு மைல் மிதிபட்டு அது தட்டையாக, மரத்துண்டு மாதிரி இறுகியிருந்தது.

கொம்பையா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "ரெண்டு மைல் பேப்பரை மிதிச்சுக்கிட்டா வந்தீய? அதுல என்ன சேதி போட்டிருக்கான்னாவது பார்த்தீயளா?"

பிறகு பூபாலன் முகத்தைப் பார்த்தான். சிரிப்பை நிறுத்திவிட்டுக் கயிற்றை எடுத்துக்கொண்டான்.

பூபாலன் காகிதத்தைக் கையில் வாங்கினார். அழுத்திப் பார்த்தார். கைக்கு உறுத்தியது.

"கொஞ்சம் மரத்திருக்கும்னுதான் டாக்டர் சொன்னாரு," என்றார். "இவ்வளவுன்னு எனக்குத் தெரியாது."

"மூணு ஜோடியும் சுகமா இருந்துச்சுன்னீங்க."

"முப்பது போட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்."

மெய்யம்மை தரையில் உட்கார்ந்தார். "காலை நீட்டுங்க."

பூபாலன் சட்டென்று காலை இழுத்துக்கொண்டார். "வேணாம், ஆசானே. நீங்க என் காலைத் தொடக் கூடாது. பாவம்."

"யாருக்கு?"

"எனக்கு."

"எனக்கில்லையே. நீட்டுங்க."

நீட்டினார். விரலோரம் சிவந்திருந்தது. மெய்யம்மை கட்டைவிரலால் அந்தச் சிவப்பை அழுத்தி எடுத்தார். அழுத்திய இடம் வெளுத்தது, பிறகு சிவந்தது. மறுபடி அழுத்தினார். வெளுத்தது, சிவந்தது.

"தப்பிச்சீங்க. அழுத்தி வெளுக்கலைன்னா உள்ளே புண் ஆரம்பிச்சுடுச்சுன்னு அர்த்தம்."

"அப்போ நான் ஏற முடியாதா?"

"நாளைக்குச் சாயங்காலம் வாங்க."

"ஏன் சாயங்காலம்?"

"காலையில கால் சின்னது. சாயங்காலம்தான் முழுசா விரியும்."

மறுநாள் சாயங்காலம் முற்றத்தில் ஈர மணல் பரப்பியிருந்தது. பூபாலனை அதில் நிற்கச் சொன்னார். சும்மா இல்லை. முதுகில் ஒரு அரிசிப் பையையும் ஏற்றினார். பாதம் முழுசாக விரிந்து பதிந்தது. அவரைத் தூக்கி நிறுத்திவிட்டு, தடத்தின் மேல் அட்டையை வைத்து ஓரத்தை வெட்டினார். அந்தப் புது பூட்ஸின் உள்ளே கிடந்த மெத்தையை உருவி அட்டை மேல் வைத்தார். விரல் எடுத்த பக்கத்தில் அட்டை அரை அங்குலம் வெளியே நின்றது.

"அரை அங்குலக் காலை எங்கே வெச்சீங்க?" என்று கேட்டார்.

பூபாலன் குனிந்து வெளியே நின்ற அட்டை ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார்.

அந்த வாரமே ரெண்டு பேரும் கடைக்குப் போனார்கள். மெய்யம்மை ஒவ்வொரு பூட்ஸிலிருந்தும் மெத்தையை உருவி அட்டை மேல் வைத்துப் பார்த்தார். கடைக்காரருக்குப் பொறுக்கவில்லை.

"போட்டுப் பார்த்தா தெரிஞ்சிடப் போகுது, மேடம்."

"இவருக்குத் தெரியாது."

அளவு சரியாக இருந்தவற்றுக்குள் கையை விட்டுத் தையல் முடிச்சுகளை விரலால் தடவினார். வளைத்தார். விரல் மடங்கும் இடத்தில் மட்டும் வளைய வேண்டும். நடுவில் வளைந்ததைத் தள்ளிவைத்தார். குதிகாலை அமுக்கினார். அமுங்கியதைத் தள்ளிவைத்தார். அடிப்பாகம் ஒட்டியதா, தைத்ததா என்று நகத்தால் நோண்டிப் பார்த்தார். கடையில் சரிவாக ஒரு பலகை இருந்தது. மிஞ்சியவற்றைப் போட்டுக்கொண்டு பூபாலன் அதில் இறங்க வேண்டும். இறங்கி நின்றதும் மெய்யம்மை முனையை அழுத்தி விரல் எங்கே இருக்கிறது என்று பார்த்தார். ஒன்பதாவது ஜோடியில் நிறுத்தினார்.

கனம். மாட்டுச்சாணி நிறம். அழகு என்று சொல்ல ஒன்றும் இல்லை.

"இது சுகமா இருக்குமா, ஆசானே?"

"கால்காரருக்கே தெரியல. என்கிட்ட கேட்கறீங்க."

"ரொம்ப நாள் உழைக்குமா?"

"உழைக்கும். கால் உழைக்கட்டும், அதைப் பாருங்க."

அதன் பிறகு நாற்பது நாள். முதல் நாள் பத்து நிமிஷம் நடை. உடனே கழற்றி, மெய்யம்மை உள்ளங்காலில் கை வைப்பார். ரெண்டாம் நாள் பதினைந்து நிமிஷம். கழற்று, கை. பூபாலனுக்குக் கூச்சம் போகவே இல்லை. ஒவ்வொரு தடவையும் காலை நீட்டும்போது வேறு பக்கம் பார்ப்பார். முதல் வாரம் கொம்பையா கேலி பேசினான். "ஆசான் எனக்கு ஒரு நாள் கால் பிடிச்சு விட்டதுண்டா? கொடுத்து வெச்ச மனுசன்." ரெண்டாம் வாரம் பேசவில்லை. மூன்றாம் வாரத்திலிருந்து, அவர்கள் உட்காரும் இடத்தில் அவனே மனைப்பலகை கொண்டு வந்து போட்டான்.

தை மாதம் மூன்றாம் வாரம். விடியும் முன்னே மூன்று பேரும் கிளம்பினார்கள்.

அரை மணிக்கு ஒரு தடவை நிற்க வேண்டும். பூட்ஸ், சாக்ஸ், கை. பிறகு நடை. வழியில் ரத்தம் உறிஞ்சும் அட்டை உண்டு, சறுக்குப் பாறை உண்டு. பூபாலன் ஒன்றுக்கும் முனகவில்லை. கண் மட்டும் அலைந்துகொண்டே இருந்தது.

ஒரு இடத்தில் நின்றுவிட்டார்.

"இங்கே ஒரு கோடு போட்டிருக்கேன்," என்றார். "அடுத்த கோடு அதோ மேலே, அந்தப் பாறையில. காகிதத்துல நடுவுல ஒரு நகக்கண் இடம்தான் விட்டேன்."

நகக்கண் இடத்தில் ஒரு காடு இருந்தது. பாசி தொங்கும் மரங்கள், உள்ளே எங்கேயோ தண்ணீர் விழும் சத்தம், தலைக்கு மேலே கருமந்திக் கூட்டம். அவை கிளைக்குக் கிளை தாவியதில் காடே ஆடியது. பூபாலன் வாயைத் திறந்தபடி நின்றார். பிறகு கைகளைக் குவித்தார். யாரைப் பார்த்து என்று தெரியவில்லை.

"கும்பிட்டது போதும், அண்ணாச்சி. அட்டை ஏறுது," என்றான் கொம்பையா.

காடு முடிந்தது. புல்வெளி. அதற்குமேல் காற்று. மேகம் அவர்களுக்குக் கீழே போயிற்று. ஒற்றைமுடி எதிரே எழுந்து நின்றது. மூடி மூடித் திறந்தது. ஒரு தடவை முழுசாகத் திறந்தபோது மூன்று பேருமே நின்றுவிட்டார்கள். கொம்பையா ஆயிரம் தடவை பார்த்தவன். அவனும்தான்.

முடிக்கு முன்னூறு அடி இருக்கும். அரை மணி ஆயிற்று.

"உட்காருங்க," என்றார் மெய்யம்மை.

"மேலே போய் உட்காரட்டுமா, ஆசானே?"

"உட்காருங்க."

பூட்ஸ். சாக்ஸ். கை.

இந்தத் தடவை கை நகரவில்லை. உள்ளங்கால் மேட்டில் ஒரு இடத்திலேயே நின்றது. மெய்யம்மை கண்ணை மூடிக்கொண்டார். வலது காலைத் தொட்டார். மறுபடி இடது. அதில் மட்டும் சூடு. கட்டைவிரலால் அழுத்தி எடுத்தார்.

வெளுக்கவில்லை.

மறுபடி அழுத்தினார். சிவப்பு அப்படியே இருந்தது.

"இறங்குறோம்."

பூபாலன் முடியைப் பார்த்தார். "முன்னூறு அடி, ஆசானே."

"ம்."

"பதினோரு தடவை வரைஞ்சிருக்கேன்."

"ம்."

கொம்பையா சுமையை இறக்கினான். "நான் தூக்கிட்டுப் போயிருவேன். ஆனா கடைசிப் பாறையில நாலு காலாத்தான் ஏறணும். முதுகுல ஆளை வெச்சுக்கிட்டு முடியாது." சுமையிலிருந்து கயிற்றை உருவினான். "இறங்கும்போது புல்வெளி முழுக்க நான் தூக்குதேன், அண்ணாச்சி."

"பஞ்சு வெச்சுக் கட்டினா காலைக் காப்பாத்தி இங்கிருந்து கீழே கொண்டு போயிடலாம்," என்றார் மெய்யம்மை. "இந்த முன்னூறு ஏறி, முன்னூறு இறங்கினா முடியாது."

பூபாலன் குனிந்து தன் காலைப் பார்த்தார். அது யாருடைய காலோ மாதிரி ஆசான் கையில் கிடந்தது. மரத்த கால். ஒரு சொல் சொல்லாத கால். மேலே மேகம் விலகி வெயில் விழுந்தது. பாறையின் ஒவ்வொரு வெடிப்பும் தெரிந்தது.

"எனக்குக் கொஞ்சம்கூட வலிக்கலையே, ஆசானே," என்றார். சின்னப் பிள்ளை மாதிரிச் சொன்னார்.

மெய்யம்மை கையை எடுக்கவில்லை.

"எனக்கு வலிக்குது," என்றார்.